புதுப் பெட்டிக்குள் பழைய பிரிண்டர்: இங்க் டேங்க் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கு வயர்லெஸ் பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைக் கடையில் பிரிக்க விடாதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் எத்தனை காரணம் சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பதிமூன்றாயிரம், பதினாலாயிரம் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் திருச்சியில் வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். வாரா வாரம் டெஸ்ட் பேப்பர் உண்டு. பரீட்சை நேரத்தில் மாடல் கேள்வித்தாள் வேறு. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி முடியவில்லை. பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூன்றும் இருக்கிற, போனிலிருந்தே பிரிண்ட் கொடுக்கிற மாதிரி ஒரு மெஷின் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

நாலாயிரம், ஐயாயிரம் விலையில் கிடைப்பவை எல்லாம், மை அடைத்த சின்ன டப்பாவை மாற்றிப் போடுகிற கார்ட்ரிட்ஜ் மாடல்கள். மெஷின் மலிவு, மை விலைதான் கொல்லும். சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றில் நூற்றுச் சொச்சம் பக்கம்தான் வரும். அந்தப் பக்கக் கணக்கும் பக்கத்தில் கொஞ்சமாக எழுத்து இருக்கிற சோதனைத் தாளை வைத்துப் போட்டது. பக்கம் நிறையப் படம் அச்சடித்தால் இன்னும் குறையும். எனக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்கிற இங்க் டேங்க் என்று முடிவு செய்தேன். விலை மூன்று மடங்கு, ஆனால் ஒரு பாட்டில் கறுப்பு மை சில ஆயிரம் பக்கம் ஓடும். மாதத்தில் பத்துப் பக்கம்கூட எடுக்காத வீடாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், சும்மா கிடந்தால் மை உலர்ந்து, மையைத் தாளில் தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும். கறுப்பு-வெள்ளை போதும் என்பவர்களுக்கு லேசர்தான் நல்லது. அதில் மைக்குப் பதில் டோனர் என்கிற பொடி, உலர்ந்துபோகாது.

இன்னொன்று, மாடல் எண்ணை முழுசாகப் பாருங்கள். எப்சனில் எல்3210, எல்3250 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னதில் வைஃபை கிடையாது, பின்னதில் உண்டு. கேனனில் ஜி2010க்கும் ஜி3010க்கும் அதே வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான், இதுல ஆயிரம் ரூபாய் கம்மி" என்று யாராவது சொன்னால் பெட்டியின் பக்கவாட்டில் வைஃபை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊரில் ஓரளவு பெயர் உள்ள கம்ப்யூட்டர் கடை. பெயர் எழுதப் போவதில்லை. நான் கேட்ட மாடல் ரூ.13,800, இன்ஸ்டலேஷன் தனியாக ரூ.350 என்றார் கடைக்காரர். ஜிஎஸ்டி பில் கேட்டேன், உடனே போட்டுக் கொடுத்தார். சீரியல் நம்பரையும் பில்லில் ஏற்றச் சொன்னேன். அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து, அதன் ஸ்டிக்கரைப் பார்த்து என் எதிரிலேயே டைப் செய்தார். "சாயந்திரம் பையன் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துடுவான் மேடம்" என்றார். வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சாயந்திரம் வந்த பெட்டியில் மேல் டேப் ஏற்கெனவே அறுபட்டு, அதன்மேல் வேறு டேப் ஒட்டியிருந்தது. நான்கு டேங்கிலும் மை நிறைந்திருந்தது. "என்ன தம்பி, இங்கே பிரிக்கச் சொன்னேனே?" என்றதற்கு, "வீட்டுல ஊத்தினா தரையெல்லாம் கறையாயிடும்க்கா, அதான் கடையிலேயே ரொப்பி செக் பண்ணிக் கொண்டுவந்துட்டோம்" என்றார் பையன். காலி பாட்டில்கள் எங்கே என்றேன். கடையிலேயே போட்டுவிட்டார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. உடனே கடைக்குப் போன் செய்தேன். "கம்பெனி வாரண்டி இருக்கு மேடம், ஏதாவதுன்னா நாங்க இருக்கோம்" என்று முடித்துக்கொண்டார் உரிமையாளர்.

முதல் சில வாரம் ஓடியது. அப்புறம் பக்கத்தில் குறுக்காக மெல்லிய வெள்ளைக் கோடுகள் வர ஆரம்பித்தன. ஹெட் க்ளீனிங் கொடுத்தால் அன்றைக்குச் சரியாகும், மறுநாள் திரும்ப வரும். ஒரு டெஸ்டில் பிள்ளைகள் பாதிப் பேர் ஒரே இருபடிச் சமன்பாட்டில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "மிஸ், இதுக்குக் காரணியே வரலை" என்று ஒரு பெண் தாளைக் கொண்டுவந்தாள். வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு சரியாக அந்த வரியில் ஓடி, எக்ஸுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியையே தின்றிருந்தது. எழுத்து கொஞ்சம் உடைந்தாலும் படித்துவிடலாம். கணக்கில் ஒரு குறி போனால் கணக்கே வேறு. அந்தத் தாளை எல்லோரிடமும் திரும்ப வாங்கினேன்.

வாரண்டி அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தேன். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கூகுளில் பிரிண்டர் சர்வீஸ் என்று தேடினால் மேலே வருகிற எண்களை நம்பாதீர்கள். கம்பெனி ஆள் மாதிரிப் பேசி, ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கையே காலி செய்கிற கூட்டம் இருக்கிறது. எனிடெஸ்க் ஆப்பை வைத்து நடக்கும் மோசடி பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. அப்படி யாராவது மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பிரிண்டர் கம்பெனியின் எண்ணை வாரண்டி அட்டையிலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ மட்டும் பாருங்கள்.

பில்லில் இருந்த சீரியல் நம்பரைச் சொன்னதும் வாரண்டி இருப்பதாகவே காட்டியது. சர்வீஸ் தம்பி வந்தார். முதலில் மெஷினைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார். "மேடம், பெட்டி நம்பரும் பில் நம்பரும் ஒண்ணு. மெஷின் நம்பர் வேறயா இருக்கே" என்றார். அப்புறம் பட்டனை அழுத்தி ஒரு ஸ்டேட்டஸ் ஷீட் எடுத்தார். அதில் மொத்தம் அச்சடித்த பக்கம் 4,126 என்று இருந்தது. நான் அதுவரை அச்சடித்ததெல்லாம் சேர்த்தால் ஒரு ரீம் பேப்பரைக்கூடத் தாண்டாது. மெஷின் நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதன் வாரண்டி, நான் வாங்குவதற்குப் பத்து மாதம் முன்பே தொடங்கியிருந்தது.

எங்கேயோ ஓடித் திரும்பி வந்த மெஷினை, புது மெஷினின் பெட்டிக்குள் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் வந்த புது மெஷின் எங்கே போனதோ. டேங்கை முன்கூட்டியே ரொப்பி அனுப்பியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. ஓடிய மெஷினின் டேங்கில் பழைய மையின் கறை இருக்கும், குழாயெல்லாம் நிறம் பிடித்திருக்கும். காலியாகக் கொடுத்தால் பார்த்தவுடன் தெரிந்துபோகும்.

மையும் அசல் இல்லை. அந்த மாடலில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை. காய்ந்த பிறகு ஈரம் பட்டாலும் அவ்வளவாகக் கலையாது. தம்பி என் டெஸ்ட் பேப்பர் ஒன்றை எடுத்து, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். எழுத்து ஊதா கலந்த கறுப்பாகக் கரைந்து சுற்றிலும் பரவியது. பெட்டியோடு வந்த அசல் பாட்டில்களை எடுத்துவைத்துக்கொண்டு ஏதோ லோக்கல் மையை ஊற்றியிருக்கிறார்கள். அசல் பாட்டிலைத் தனியாக விற்றால் அதிலும் காசு. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், வேறு மையால் ஹெட் கெட்டால் அது வாரண்டியில் வராது என்று கம்பெனிகள் கையை விரித்துவிடும். டேங்க் மாடல்களுக்கு வாரண்டியே பெரும்பாலும் "ஒரு வருடம் அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முதலில் வருகிறதோ அது" என்றுதான் இருக்கும். அப்படியென்றால் யாரோ அச்சடித்த பக்கமும் என் கணக்கில் போகிறது.

அவர் எழுதிக் கொடுத்த சர்வீஸ் ரிப்போர்ட்டோடு கடைக்குப் போனேன். "கம்பெனியிலேயே டெஸ்ட் பண்ணித்தானே மேடம் அனுப்புவாங்க, அந்தக் கவுன்ட்டா இருக்கும்" என்றார் உரிமையாளர். தொழிற்சாலைச் சோதனையில் நாலாயிரம் பக்கமா அடிப்பார்கள்? சீரியல் நம்பர் ஏன் மாறியது என்று கேட்டால், "பசங்க மாத்தி வெச்சிருப்பாங்க". மை ஏன் வேறு என்று கேட்டால், "அதெல்லாம் நீங்க அப்புறமா ஊத்தினது". ரொப்பி அனுப்பிய டேங்க் பாதிகூடக் குறையவில்லை, இதில் நான் எங்கே ஊற்றுவது? கடையில் நின்றிருந்த நான்கு பேர் முன்னால் என்னைப் பொய் சொல்கிறவளாகப் பேசினார். பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து 1915க்குக் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். பில், பெட்டி ஸ்டிக்கர், மெஷின் ஸ்டிக்கர், ஸ்டேட்டஸ் ஷீட், சர்வீஸ் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்தேன். கம்பெனிக்கும் அதையே மின்னஞ்சல் செய்தேன். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), பழைய பொருளையோ செப்பனிட்ட பொருளையோ புதியது என்று சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அந்தப் பிரிவு எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. முதலில் வேறு மெஷின் மாற்றித் தருகிறேன் என்றார். அந்தக் கடையின் மெஷினே வேண்டாம் என்றேன். கடைசியில் ரூ.13,800 என் கணக்குக்கு வந்தது. இன்ஸ்டலேஷன் பணம் ரூ.350 வரவில்லை.

அப்புறம் வேறு கடையில் அதே மாடலை வாங்கி, பெட்டியை நானே வீட்டில் பிரித்தேன். புது மெஷின் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். மூடி அசையாமல் இருக்க ஆங்காங்கே கலர் டேப் ஒட்டியிருக்கும். டேங்கில் ஒரு துளி மையோ கறையோ இருக்காது. பாட்டில்கள் தனித்தனிக் கவரில் சீல் உடையாமல் இருக்கும். மையை ஊற்றி முதல்முறை இயக்கும்போது குழாய்களில் மை நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்கும், டேங்கின் அளவும் கண்ணெதிரே கொஞ்சம் இறங்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். தரையில் மை சிந்தும் என்பதும் சும்மா. பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. வைஃபையில் சேர மறுத்தால் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. முதல் வேலையாக ஸ்டேட்டஸ் ஷீட் எடுத்தேன். பக்க எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்துப் பின் செய்து வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கியவர்களும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மெஷினின் பின்பக்கத்திலோ அடியிலோ இருக்கும் சீரியல் நம்பரும், பெட்டியில் இருப்பதும், பில்லில் இருப்பதும் மூன்றும் ஒன்றா? பக்க எண்ணிக்கை பிரிண்டரின் செட்டிங்ஸ் மெனுவிலோ, கம்பெனி ஆப்பிலோ, ஸ்டேட்டஸ் ஷீட்டிலோ இருக்கும். பல வயர்லெஸ் மாடல்களில் பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் போட்டாலும் வரும். கடைக்காரரே ரொப்பிக் கொடுத்த மெஷின் என்றால் கட்டாயம் பாருங்கள். தகராறு என்றால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் முடியும். ஷீட்டில் எந்த வரி பக்க எண்ணிக்கை என்று புரியாவிட்டால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.