அக்காவுக்குக் கிடைத்த ஒரு நாள் விடுப்பு: செட்டிநாட்டுப் பயண அனுபவம்

நான் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் உறவினர் வீடு, கல்யாணம், காதுகுத்து, சார்பதிவாளர் அலுவலகம், வங்கி என்றே விடுமுறை கரைந்துவிடும். கூடப் பிறந்த அக்காவோடு ஒரு முழு நாளைக் கழித்த நினைவே இல்லை. ஆகவே இம்முறை பயணச்சீட்டு எடுத்த அன்றே ஒரு நாளை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். அக்கா காரைக்குடியில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அந்த வாரத்தில் அவளுக்குப் புதன்கிழமை விடுப்பு. அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 18 ஆண்டுகள் ஆகியும், கானாடுகாத்தானில் இருக்கும் பழைய செட்டியார் பெருவீடுகளில் ஒன்றினுள்ளும் கால் வைத்ததில்லை. தன் வீட்டுத் திண்ணையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை, அதாவது அந்த ஊரில் கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்ததுமில்லை. “அதெல்லாம் வெளியூர்க்காரங்க பார்க்கிறது” என்பாள். செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் பயன்படும் என்பதால், அன்று எங்களுக்குக் கிடைத்த சேவைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி ஏற்பாட்டில்தான் முதல் தடங்கல் வந்தது. சிங்கப்பூரிலிருந்தபடியே இணையத்தில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தேன். காலை 7 மணிக்கு வரவேண்டிய வண்டி 8 மணி ஆகியும் வரவில்லை. தொலைபேசியை எடுத்தவர் “இன்னும் பத்து நிமிடம்” என்று மூன்று முறை சொன்ன பிறகு, நான்காம் முறை எடுக்கவே இல்லை. மாதத்தில் அக்காவுக்குக் கிடைக்கும் விடுப்பு நாள்கள் எத்தனை என்பதை அறிந்தவனுக்கு அந்த ஒரு மணி நேர இழப்பு சிறியதல்ல. அக்கா சத்தமே இல்லாமல் உள்ளே போய், தனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரை அழைத்தாள். அவர் 20 நிமிடத்தில் வாசலில் வண்டியை நிறுத்தி, “வாங்க சிஸ்டர்” என்றார். அவருடைய தாயார் முன்பொரு முறை அக்காவின் வார்டில் படுத்திருந்தவராம். நாள் முழுவதற்கும் 2,800 ரூபாய் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். இறங்கும்போதும் அதே தொகைதான். காரைக்குடிக்கு வருபவர்கள் வண்டியை உள்ளூர் ஸ்டாண்டில் நேரில் பேசி அமர்த்துவது நல்லது என்பேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் என்பதால், அந்த ஓட்டத்தையும் அவர்களிடமே சொல்லிவிடலாம்.

குன்றக்குடி மலையைக் காரிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குப் போனோம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்கள் ஒன்பதில் ஒன்றான இது, குன்றைக் குடைந்து அமைத்த குடைவரை. பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர் இரண்டே கரங்களோடு, துதிக்கையை வலப்புறம் சுழித்து, வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். மதியம் 1 மணிக்கு நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுவதுதான் வசதி. சங்கடஹர சதுர்த்தி நாளில் வந்தால் வரிசையிலேயே பொழுது போய்விடும். நாங்கள் சென்ற புதன்கிழமையில் பொது வரிசையிலேயே கால் மணி நேரத்தில் சன்னிதியை அடைந்தோம். அக்கா தோப்புக்கரணம் போட்டதைப் பார்த்தபோது, சின்ன வயதில் எனக்கும் சேர்த்து அவளே எண்ணிச் சொல்வது நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து ஆத்தங்குடி. ஊரின் உட்சாலைகளில் ஓடு வேய்ந்த கொட்டகைகள் பல இருக்கின்றன. எங்கே இறங்கிக் கேட்டாலும் வேலையைக் காட்டுகிறார்கள். நாங்கள் நின்ற கொட்டகையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். அவருக்கு முன்னால் துடைத்து வைத்த சதுரக் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் வளைத்த தகட்டு அச்சு. சிமெண்டோடு சேர்த்து மோர் பதத்தில் கரைத்த சிவப்பு, மஞ்சள், பச்சைச் சாயங்களைச் சிறு கரண்டியால் அந்தந்த அறைக்குள் ஊற்றினார். ஒரு துளிகூடப் பக்கத்து அறைக்குள் போகவில்லை. அச்சை நேராக மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நின்றன. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, அதற்கும் மேல் ஈரச் சாந்தைப் போட்டுக் கரணையால் சமன்படுத்தினார். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பல நாள் ஊறவிட்டு எடுத்து, வெயிலில் காயவைத்தால் கல் தயார். சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடியின் முகத்திலிருந்து கல்லுக்கு வந்தது. புழங்கப் புழங்க மெருகு கூடும் என்று அவர் சொன்னதை, அக்கா வீட்டுத் திண்ணையை நினைத்துப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டின் காரம் ஏறி நுனிகள் வெடித்திருந்தன. கையை நீட்டச் சொல்லித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராத்திரிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். தேங்காய் எண்ணெய் என்றார். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெய் தடவ வேண்டும், வெடிப்பில் சீழ் வைத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று வார்டில் சொல்வதைப் போலவே நிதானமாகச் சொன்னாள். அவர் அதன் பிறகு எங்களை விடவில்லை. தன் அப்பா காலத்து அச்சுகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். வீடு கட்டுபவர்கள் மட்டும்தான் வாங்க முடியும் என்பதில்லை, ஒன்றிரண்டு கல்லும் தருகிறார்கள். நாங்கள் இரண்டு வாங்கினோம். கனமானவை என்பதால் விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பெட்டியின் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிய உணவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஓட்டல் வேண்டாம் என்று, முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் வீட்டில் சமைத்துப் போடும் ஓர் ஆச்சியை ஏற்பாடு செய்திருந்தோம். இலைக்கு 450 ரூபாய். கோயிலுக்குப் போய்விட்டு வந்து கறி சாப்பிடலாம், சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால் கோழியும் சொல்லியிருந்தோம். நாங்கள் படியேறியதுமே ஆச்சி, “முதல்ல கை கால் கழுவிக்க ஆத்தா, பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு, சுத்தமா இருக்கும்” என்று அக்காவிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரியவந்தது. அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. வழியில் பெண்கள் நம்பிப் போகும்படியான கழிப்பறை இருக்காது என்பதால், வெளியே கிளம்பும் நாளில் அவள் எப்போதும் அப்படித்தானாம். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்குவது என்ன நோயைக் கொண்டுவரும் என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறவளே அப்படி இருக்க வேண்டியிருக்கிறது. இத்தனை பேர் வந்துபோகும் வட்டாரத்தில், பூட்டாத, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள நாலு கழிப்பறைகளைச் சாலையோரம் கட்டிப் பராமரிப்பதைவிட அவசரமான சுற்றுலா வசதி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலை போட்டார்கள். உப்பு, வாழைப்பூ வடை, உருளைக்கிழங்கு வறுவல், வெண்டைக்காய் மண்டி, சோறு, கோழிக் குழம்பு, மிளகு வறுவல், ரசம், தயிர் என்று ஒழுங்காக வந்தன. சிங்கப்பூரில் செட்டிநாடு என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சிவந்த எண்ணெய் மிதக்கும் எரிச்சல்தான். இங்கே கோழிக் குழம்பில் காரம் முந்திக்கொண்டு வரவில்லை. முதலில் கல்பாசியின் மணம், பிறகு மிளகு, கடைசியில் தொண்டையில் மெல்லிய சூடு. மண்டியை நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிடுவது என்று ஆச்சி செய்முறை சொன்னார். அந்தத் தண்ணீர்தான் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது, தேங்காய் அரைக்கத் தேவையில்லை. இறுதியாக, முதல் நாள் இரவே ஊறவைத்து வேகவிட்ட கவுனி அரிசி, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து கருஞ்சிவப்பாக வந்தது.

பரிமாறும்போது அக்கா பழக்கத்தில் எழுந்து என் இலைக்குச் சோறு வைக்கக் கரண்டியை எடுத்தாள். ஆச்சி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ உட்காரு ஆத்தா, இன்னைக்கு உனக்கு நான் போடுறேன்” என்றார். அக்கா உட்கார்ந்தாள். ஒரு வாய்ச் சோற்றைக்கூட அவசரமாக விழுங்காமல் அவள் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று கணக்கிடக்கூட முடியவில்லை. சாப்பிட்ட பிறகு பட்டாலை என்னும் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். அக்கா முக்கால் மணி நேரம் தூங்கினாள். யாரும் எங்களைக் கிளப்பவில்லை.

பணம் கொடுக்கும் இடத்தில் என் சிங்கப்பூர் அட்டை பயன்படவில்லை. எல்லா இடத்திலும் ரொக்கம் அல்லது யுபிஐதான். வெளிநாட்டுக் கைபேசி எண்ணையே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தும் வசதி சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் இருப்பவர்களுக்கு 2023 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நான் அதைச் செய்துகொண்டு வராததால், நான் விருந்து வைக்க நினைத்த நாளில் அக்காவே தன் கைபேசியை நீட்ட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாலையில் கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டி முடித்த அரண்மனையை வெளியில் நின்று பார்த்துவிட்டு, பார்வைக்குத் திறந்திருக்கும் வீடு ஒன்றுக்கு ஆளுக்கு 100 ரூபாய் கட்டி உள்ளே போனோம். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு நீளமான வீடு. விளக்க வந்த இளைஞர் என் கைப்பையில் இருந்த விமான நிறுவனச் சீட்டைப் பார்த்தாரோ என்னவோ, பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று மனப்பாடமாக ஆங்கிலத்தில் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார்; அக்கா இரண்டடி பின்னால் ஒதுங்கி நடந்தாள். “தம்பி, தமிழிலேயே சொல்லுங்கள், அக்காவுக்குத்தான் கேள்விகள் அதிகம்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னவை எந்தத் துண்டறிக்கையிலும் இருக்காது: வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்தவை, அவர்கள் தனித்தனியே சமைத்தாலும் விசேஷம் என்றால் வளவு பொது, நான்கு பக்கத்துக் கூரை மழையும் வளவில் இறங்கி அண்டாக்களில் நிறையும். முட்டை வெள்ளையும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவரில் அக்கா கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருந்தது. இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்குவது யார் என்று அவள் கேட்டதற்கு, பங்காளிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள், ஒரு வயதான தம்பதி மட்டும் தங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள், கூரை ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பங்களும், சம்மதிக்க வேண்டும் என்றார். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன. ஆனால் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டுக் கட்டி நிற்கும் தேக்குத் தூண்களில் பலவும் இப்படிப்பட்ட வீடுகளை இடித்து எடுத்தவை. அவற்றை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் அக்காவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்தேன். அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம், அகலக் கரை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறி நெசவுதானா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சேலையைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பேரம் பேசத் தோன்றவில்லை.

இருட்டும்போது வீடு சேர்ந்தோம். மறுநாள் காலை 7 மணிக்கு அக்காவுக்குப் பணி. ஆச்சி ஓலைக் கொட்டானில் போட்டுக் கொடுத்திருந்த தேன்குழலில் எனக்குப் பாதியை எடுத்துவைத்துவிட்டு, மீதியை வார்டில் உள்ளவர்களுக்கென்று கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் நிரப்பி எடுத்துக்கொண்டாள்.