தலைப்பிரசவம் இங்கேயா, ஊரிலா? வெளிநாட்டில் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

முதல் குழந்தையை எங்கே பெற்றுக்கொள்வது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் மனசை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், கணவர் கூடவே இருக்க வேண்டும், நம் மொழி பேசும் டாக்டர் வேண்டும். எல்லாமே நியாயமான ஆசைகள். ஆனால் வெளிநாட்டுப் பள்ளியில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆசிரியைக்கு முடிவைத் தீர்மானிப்பது காலண்டர்தான். பிரசவத் தேதி, பள்ளியின் டெர்ம், விடுப்பு வாரங்கள், விமானத்தின் வார வரம்பு, குழந்தையின் பாஸ்போர்ட் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

வழிகள் மூன்று. வேலை பார்க்கும் நாட்டிலேயே பிரசவம், விடுப்பு முழுதும் அங்கேயே இருப்பது. ஏழு எட்டு மாதத்தில் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு, குழந்தையோடு திரும்புவது. மூன்றாவது, பலர் யோசிக்காமலே விட்டுவிடுவது: இங்கே பெற்றுக்கொண்டு, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் மிச்ச விடுப்புக்கு ஊருக்குப் போவது. காப்பீடு சரியாக இருந்தால் பெரும்பாலான ஆசிரியைகளுக்கு இந்த மூன்றாவது வழிதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

வாரக் கணக்கு

விடுப்பு 14 வாரம் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதுதான்.

ஊருக்குப் போகிறவர் 34-வது வாரத்தில் விமானம் ஏறுகிறார், 40-ல் பிரசவம். ஆறு வாரம் கரைந்துவிட்டது, மிச்சம் எட்டு. தலைப்பிரசவம் 41-வது வாரம் வரை இழுப்பது சகஜம். இழுத்தால் மிச்சம் ஏழு. இந்த ஏழு வாரத்துக்குள் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், வேலை நாட்டு விசா மூன்றும் கைக்கு வர வேண்டும். மூன்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் எண் இல்லாமல் விசா இல்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் என்றாலே ஒன்பது வாரம் ஆகிறது. வகுப்புக்குத் திரும்ப வேண்டிய நாளில் குழந்தைக்கு விசா இருக்காது. அப்போது சம்பளமில்லாத விடுப்புக்குக் கெஞ்ச வேண்டும், அல்லது பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வர வேண்டும். இரண்டாவதை யாருக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

இங்கேயே பெறுகிறவர் உடம்பு இடம் கொடுத்தால் 38-வது வாரம் வரை பாடம் எடுக்கலாம். விடுப்பில் இரண்டு வாரம்தான் முன்னால் போகும், பன்னிரண்டு வாரம் குழந்தையோடு. காகிதங்கள் ஓடும்போது தாயும் குழந்தையும் சொந்த வீட்டிலேயே இருப்பார்கள். ஆனால் குழந்தையின் குடியிருப்பு அனுமதிக்கு நாடுகள் கெடு வைத்திருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது 120 நாள். மூன்றாவது வழியில் போகிறவர்கள் முதலில் குழந்தையின் அனுமதி, அப்புறம்தான் டிக்கெட் என்ற வரிசையை மாற்றவே கூடாது. அனுமதி வராமல் நாட்டை விட்டு வெளியே போன குழந்தைக்கு, திரும்பி வருவதற்கான விசாவை ஆரம்பத்திலிருந்து வாங்க வேண்டியிருக்கும்.

பள்ளி சார்ந்த இரண்டு கண்ணிகள் உண்டு. பிரசவம் நீண்ட விடுமுறையில் விழுந்தால், மகப்பேறு விடுப்புக்குள் வரும் அந்த விடுமுறை நாட்கள் திரும்பக் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி பதில் போதாது. அடுத்தது சேவைக் காலம். பிரிட்டனில் சட்டபூர்வ மகப்பேறு ஊதியம் பெற, பிரசவ வாரத்துக்கு முந்தைய 15-வது வாரத்தில் 26 வாரத் தொடர் சேவை இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம்தான், அதற்கும் 12 மாத வேலையும் 1,250 மணி நேரமும் வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே கருவுற்றவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

காப்பீடு

பள்ளி தரும் காப்பீட்டில் மகப்பேறு என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது. காத்திருப்புக் காலம் உண்டா, அது கருவுற்ற தேதிக்கா பிரசவத் தேதிக்கா, சிசேரியனுக்குத் தனி உச்சவரம்பா, பிறந்த குழந்தையின் செலவு தாயின் கணக்கிலா தனிக் கணக்கிலா என்ற நான்கையும் கேட்டாக வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் பெரிய பில் ஒளிந்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்குத் தாயின் காப்பீடு பல திட்டங்களில் செல்லாது. பிறந்து 30 நாளுக்குள் குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற விதியும் பரவலாக உண்டு. அந்த 30 நாளில் தாய்க்கு நாளும் கிழமையும் தெரியாது, அதனால் இது கணவரின் வேலை என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு. வேலை நாட்டுக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லுமா? பயணக் காப்பீடு பொதுவாக எதிர்பாராத சிக்கலுக்குத்தான் பணம் தரும், சாதாரணப் பிரசவத்துக்குத் தராது.

விமானம்

பல விமான நிறுவனங்கள் 28-வது வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும். ஒற்றைக் கரு என்றால் 36-வது வாரம் வரை, இரட்டை என்றால் 32 வரை ஏற்றிக்கொள்வது வழக்கம். கடிதத்தில் ஒற்றைக் கருவா இரட்டையா, எத்தனை வாரம், பிரசவத் தேதி, சிக்கல் இல்லை, பறக்கத் தகுதி உண்டு என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கடிதத்துக்கும் காலாவதி உண்டு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நடுவில் விமானம் மாறுகிறவர்கள் இரண்டு நிறுவனங்களின் விதியையும் பாருங்கள். கடுமையானது எதுவோ அதுதான் உங்கள் விதி. முதல் விமானத்தில் ஏற்றிவிட்டு நடுவழியில் நிறுத்தப்படுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. ஓர இருக்கை, மணிக்கு ஒரு முறை நடை, அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறை, போதுமான தண்ணீர். பெல்ட் வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி. ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். சிக்கல் இல்லாதவர்களுக்கு 30 முதல் 32 வாரத்துக்குள் கிளம்புவது உடம்புக்கு நல்லது. ஆனால் அது விடுப்பில் இன்னும் இரண்டு முதல் நான்கு வாரத்தைத் தின்னும்.

கைமாறும் ஃபைல்

ஊருக்குப் போகும் வழியின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். நடுவில் ஆஸ்பத்திரி மாறும்போது தகவல் சிந்திவிடுகிறது.

முதலில் தேதி. பிரசவத் தேதியை முதல் மூன்று மாத ஸ்கேன்தான் துல்லியமாகச் சொல்லும், அப்போது பிழை சில நாட்கள்தான். கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் பிழை மூன்று வாரம் வரை போகலாம். பழைய ஸ்கேன் கையில் இல்லாமல் 33-வது வாரத்தில் புது டாக்டரிடம் போனால் அவர் புது ஸ்கேனை வைத்துத் தேதி போடுவார். சிறிய குழந்தை என்றால் தேதி பின்னால் போகும், வளர்ச்சி குறைந்திருப்பது தெரியாமல் போகும். பெரிய குழந்தை என்றால் தேதி முன்னால் வரும், தேவையில்லாமல் சீக்கிரம் வலி வரவைப்பார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கையை ஃபைலின் முதல் தாளாக வையுங்கள்.

அடுத்தது அளவுகள். சர்க்கரைச் சோதனையில் வெறும் வயிற்று வரம்பு 92 என்று ஒரு நாட்டிலும் 5.1 என்று இன்னொரு நாட்டிலும் எழுதுவார்கள். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மில்லிமோல், இரண்டும் ஒன்றே. ஹீமோகுளோபின் 11 என்பதும் 110 என்பதும் அப்படித்தான். அலகு இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் குறித்து எடுத்துப் போகாதீர்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் கூடுதல் கவனம். தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பல நாடுகளில் 28-வது வாரத்தில் போடப்படுகிறது, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுபடியும். ஊசி போட்ட பின் ரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்பொருள் இருப்பதாகக் காட்டும். போட்ட தேதியும் அளவும் எழுதிய தாள் இல்லையென்றால் புது ஆஸ்பத்திரி அதைத் தாயின் உடம்பே உண்டாக்கியது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்புறம் பதற்றமும் தேவையற்ற சோதனைகளும்.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை, 27 முதல் 36-க்குள் கக்குவான் இருமல் தடுப்பூசி. இரண்டையும் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவை பெரும்பாலும் விட்டே போகும்.

இங்கேயே பெறுகிறவருக்கு இந்தச் சிந்தல் கிடையாது. அவருக்குள்ள சிரமம் மொழி. வலி எடுத்தால் கற்ற மொழியெல்லாம் மறந்து போகும், ஆசிரியைக்கும் அப்படித்தான். 'பனிக்குடம் உடைந்துவிட்டது', 'குழந்தை அசையவில்லை', 'ரத்தம் போகிறது', 'வலிக்கு ஊசி வேண்டும்', 'இது ஏன் செய்கிறீர்கள்' ஆகிய ஐந்து வாக்கியங்களையும் உள்ளூர் மொழியில் எழுதி, கணவரும் சொல்லிப் பழகட்டும். பிரசவ அறைக்குள் அவரை விடுவார்களா, இரவிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா, குறைமாதக் குழந்தைக்கான பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்று பதிவு செய்யும் முன் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு ஆஸ்பத்திரி தேடுவது நல்லது.

38 வாரம் வரை வகுப்பில் நிற்பவருக்கு ஒன்று. சின்னப் பிள்ளைகளிடமிருந்து வரும் பார்வோ வைரஸ் முதல் 20 வாரத்தில் கருவைப் பாதிக்கலாம். சின்னம்மை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதைக் கருவுறும் முன்பே பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தத் தடுப்பூசிகளைக் கர்ப்பத்தில் போட முடியாது.

குடியுரிமையும் காகிதமும்

மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. கனடாவில் இன்னும் உண்டு. பிரிட்டன் 1983-லும், ஆஸ்திரேலியா 1986-லும், அயர்லாந்து 2005-லும் நிறுத்திவிட்டன; பெற்றோரின் குடியுரிமையோ குடியிருப்பு நிலையோ பார்க்கப்படும். வளைகுடாவில் பெற்றோர் வழியாகத்தான். எனவே பெரும்பாலான ஆசிரியைகளுக்கு இங்கே பிறந்தாலும் ஊரில் பிறந்தாலும் குழந்தையின் பாஸ்போர்ட் ஒன்றேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர், அதைத் தன் பிள்ளைக்கு அப்படியே கடத்த முடியாத சட்டங்கள் உண்டு. பிரிட்டன் ஓர் உதாரணம். தாய் வழியில் குடியுரிமை தராத நாடுகளும் இருபதுக்கு மேல் உள்ளன. முதலாவது உங்களுக்குப் பொருந்தினால் ஊரில் பெறுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்; இரண்டாவது பொருந்தினால் ஊரில் பெற்றாலும் சிக்கல் தீராமல் போகலாம்.

சில நாடுகளில் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் இல்லாமல் பிறப்பைப் பதிய மாட்டார்கள். அதை நான்காம் மாதத்திலேயே வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்களில் இருக்கின்றனவா என்று அதே ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள். ஓர் எழுத்து மாறினால் தூதரகம் திருப்பி அனுப்பும், திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

பக்கத்தில் யார்

ஊருக்குப் போனால் கைகள் நிறைய, ஆனால் கணவர் இருக்கமாட்டார். சொன்ன தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துதான். அவர் எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டாலும் அது சூதாட்டம்தான்.

இங்கே பெற்றால் அம்மாவை வரவழைக்கும் கணக்கு முக்கியம். விசா 30 நாள் என்றால் 38-வது வாரத்தில் வரவழைக்காதீர்கள். பிரசவம் 41 வரை இழுத்தால் மூன்று வாரம் காத்திருப்பிலேயே போய்விடும். பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். வலி எடுக்கும் இரவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரோ சக ஆசிரியரோ ஒருவர் வண்டியோடு தயாராக இருந்தால் போதும்.

அம்மா திரும்பிப் போன பின், கணவர் வேலைக்குப் போன பின், நான்கு சுவருக்குள் குழந்தையோடு தனித்திருக்கும் ஐந்து முதல் பத்தாவது வாரம்தான் இந்த வழியின் கடினமான காலம். 1987-ல் வெளியான எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலில் பத்தே கேள்விகள்தான். ஆறாவது வாரப் பரிசோதனையில் அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூன்றாவது வழியை நாங்கள் விரும்புவதற்கு இந்த வாரங்களும் காரணம்: எட்டாவது வாரத்தில், குழந்தையின் அனுமதி வந்திருந்தால், அந்த வயதுத் தடுப்பூசியும் போட்டபின், தாய் வீட்டுக்குப் போய்விடலாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் குழந்தைக்குக் காது வலி குறையும்.

ஊரில்தான் பெற வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக் காப்பீட்டின் காத்திருப்புக் காலம் முடியாதவர்கள், மணமாகாத தாய்க்குச் சட்டச் சிக்கல் வரும் நாட்டில் இருப்பவர்கள், ஒப்பந்தம் எப்படியும் அந்த டெர்மோடு முடிகிறவர்கள். இரட்டைக் கரு சுமப்பவர் ஊருக்குப் போவதென்றால் 28-க்கு முன்பே கிளம்ப வேண்டும், அதனால் பள்ளியிடம் 20-வது வார ஸ்கேன் முடிந்த கையோடு பேசிவிட வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக அந்த ஸ்கேனில் தெரிந்தால் 32-வது வாரத்தில் மறு ஸ்கேன் பார்க்கும் வரை டிக்கெட் போடாதீர்கள். அப்போதும் அது மேலே ஏறவில்லை என்றால் பயணம் வேண்டாம், இருக்கும் ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்யுங்கள்.