அவலோகிதம்: தொடையைத் தேடித் தரும் மென்பொருள்

ஒரு செய்யுளை உள்ளிட்டால் அதன் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை (மோனை, எதுகை போன்ற ஓசை ஒப்புமை) ஆகியவற்றைப் பகுத்துக் காட்டி, அது எந்தப் பா என்பதையும் கூறும் இணைய மென்பொருள் அவலோகிதம். இலவசமாகக் கிடைக்கும் இதனை யாப்பு என்னும் செய்யுளிலக்கணம் பயில விரும்பும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அகத்தியர் பௌத்தப் போதிசத்துவரான அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்னும் இலக்கண நூல் கூறும் மரபை நினைவூட்டும் அழகிய பெயர் இது.

ஓசை நயங்களில்தான் இதன் பயன் முழுமையாக விளங்குகிறது. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்னும் குறளின் முதலடியில் நான்கு சீர்களும் ககரத்தில் தொடங்குவதால் அமையும் முற்று மோனையைச் செவி உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் அதே அடியின் முதல், மூன்றாம், நான்காம் சீர்களில் றகர ஒற்று இரண்டாம் எழுத்தாக நின்று மேற்கதுவாய் எதுகை ஆவதும், ‘நிற்க’ என அடுத்த அடியிலும் அவ்வொற்றே வந்து அடியெதுகை ஆவதும் அந்த மோனையின் முழக்கத்தில் கவனத்துக்கு வராமல் போகலாம். எழுத்தெழுத்தாகப் பகுத்துப் பார்க்கும்போது அவையும் புலப்படுகின்றன.

செய்யுளைச் சீர் பிரித்தே உள்ளிட வேண்டும். ‘சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு’ என்பதைப் பொருள் விளங்குவதற்காகச் ‘சொல் இழுக்குப்’ என்று பிரித்துவிட்டால், மூன்று சீர் நான்காகிக் குறள் வெண்பாவின் இலக்கணமே குலைந்துவிடும். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்புகளிலிருந்து பாடலை எடுப்பவர்கள் இதை மறக்கலாகாது.

உவமை போன்ற அணியை இது காட்டாது. யாப்பை ஆராயும் கருவியிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வகுத்த 35 பொருளணிகளும் எழுத்தில் அல்ல, பொருளில் இருக்கின்றன. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்பதில் உள்ள ‘போல’ உவமையணியைக் காட்டுகிறது. ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று சிலப்பதிகாரம் மதுரையின் மதிற்கொடிகளைப் பாடும்போதும் அதே உருபுதான் வருகிறது. ஆயினும் காற்றில் இயல்பாக அசையும் கொடி கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று தடுப்பதாகப் புலவர் தம் குறிப்பை ஏற்றுவதால் அது தற்குறிப்பேற்ற அணி ஆகிறது. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற குறளிலோ உவம உருபே இல்லை. உவமையும் பொருளும் தனித்தனித் தொடர்களாக நின்று எடுத்துக்காட்டு உவமையணி ஆகின்றன. இந்த வேறுபாடுகளைக் கதையும் சூழலும் அறிந்த வாசகர்தான் உணர முடியும்.

ஆகவே வகுப்பில் இதனைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள், மாணவர்கள் பாடலை வாய்விட்டுப் படித்து மோனையையும் எதுகையையும் தாமே அடிக்கோடிட்ட பிறகு திரையோடு ஒப்பிடச் செய்யலாம். தொடையில் இவ்வாறு மிச்சமாகும் நேரத்தை அணி பற்றிய உரையாடலுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.