எந்த ஹெரால்டை மீட்பது? நண்பன் விட்டுச்சென்ற காருக்கு முன்னால் நிற்கும் வழிகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். என்ஜினும் முன் சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். என் நண்பனின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பெரும்பாலும் அந்த டயரின் மேல்தான் கழிந்தன. பக்கத்துத் திண்ணையில் காபி ஆறிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு மாசியில் அவன் போய்விட்டான். எட்டு மாதம் கார் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அவன் மனைவி என்னை அழைத்துச் சாவியைக் கொடுத்தார். "எப்படிச் செய்தாலும் சரி அண்ணா, அது ஓட வேண்டும்" என்றார். அந்த "எப்படி"க்கு எனக்கு நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். நான்கையும் ஆறு மாதமாக எடைபோட்டிருக்கிறேன். இதே நிலையில் நிற்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 1959இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியுடையது. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் இருந்த தன் ஆலையில் இதைத் தயாரித்தது. அம்பாசிடர் கல்கத்தாவுக்கும் ஃபியட் பம்பாய்க்கும் உரியவை என்றால், ஹெரால்டு நம் ஊர்ப் பிள்ளை. நான்கு சிலிண்டர், 948 சிசி பெட்ரோல் என்ஜின். திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும்; மயிலாப்பூர்ச் சந்துகளில் இதன் அருமை தெரியும். நண்பனின் கார் 1967ஆம் ஆண்டு பதிவானது, இரண்டு கதவு. அவன் அப்பா புதிதாக வாங்கியது.

முதல் பதில், பழைய கார்களைச் சேகரிக்கும் ஒரு பெரியவர் சொன்னது: ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே மீட்டுவிடுங்கள். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஹெரால்டு இந்த வேலைக்கென்றே கட்டப்பட்டதைப் போன்ற கார். பாடி தனி, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் தனி. பாடியும் பல துண்டுகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. அக்கு அக்காகக் கழற்றி, சேஸை நிர்வாணமாக நிறுத்தி, கடற்காற்றில் அரித்துப்போன பக்கக் கைகளை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைக்கலாம். ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட ஃபியட்டில் டிங்கர் வேலை இதைவிடப் பல மடங்கு கடினம். என்ஜின், சஸ்பென்ஷன் பாகங்கள் பல டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் பொது என்பதால் பிரிட்டனில் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். இந்தியாவில் மட்டும் செய்த தகடுகளும் அலங்காரப் பட்டைகளும்தான் சிக்கல். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

சட்டமும் இந்த வழிக்குப் பரிசு வைத்திருக்கிறது. 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, சேஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத காரை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பலகையோடு காரைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், எரிபொருள் நிரப்பவும் பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சும்மா ஒரு சுற்று போய்வருவது அதில் அடங்காது. அவன் ஓட்டியது அதற்காக மட்டும்தான்.

அதைவிடப் பெரிய தடை ஒன்றைக் காருக்குள் கண்டேன். டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து. தேதி, ஓடிய மைல், செய்த வேலை. அவன் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் தொடங்கி, 1991க்குப் பிறகு அவனுடைய கட்டம்போன்ற எழுத்தாக மாறுகிறது. "பாயின்ட் மாற்றியது." "திண்டிவனத்தில் ஃபேன் பெல்ட்." ஆலை நிலைக்கு மீட்பதென்றால் அந்த மூடியைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். கருங்காலியில் அவனே கடைந்து போட்ட கியர்க் குமிழைக் கழற்ற வேண்டும். அவன் மகள் சைக்கிள் பழகியபோது இடது கதவில் இழுத்த கோட்டை, பட்டி பார்த்து மறைக்க வேண்டும். கார் அவன் அப்பா வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும். அவன் அதில் இருக்கமாட்டான். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நீங்கள் மீட்பது காரை அல்ல" என்றார். அவர் சொன்னது சரி. நான் மீட்க விரும்பியது அந்தக் காரோடு அவன் வாழ்ந்த காலத்தை.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிர்த் திசை. நல்ல கைத்தொழில்காரரான ஒரு மெக்கானிக், மாருதி ஜிப்ஸியின் 1,298 சிசி என்ஜினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் வைத்துவிடலாம் என்றார். நீளவாக்கில் அமரும் என்ஜின். பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோவது எளிது. எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓடலாம். நினைவு என்பது ஓடும் வண்டியில்தான் இருக்கிறது, பட்டறையில் நிற்கும் வண்டியில் இல்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு.

ஆனால் ஹெரால்டின் பின் அச்சைப் புரிந்துகொண்டவர் யாரும் இதற்குத் துணியக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் பின் சக்கரங்கள் குறுக்கே படுத்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை மையமாகக் கொண்டு கதவுபோல் ஆடும் அரை அச்சுகளில் நிற்கின்றன. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ, காரின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், பிடிமானம் போய்விடும். நாற்பது குதிரைத்திறனைத் தொடாத என்ஜினோடு இது அரிதாக நேரும் ஆபத்து. என்ஜினின் பலத்தை இரட்டிப்பாக்கினால் அது தினசரி ஆபத்து. இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை என்பதால்தான் 1971இல் ஹெரால்டை அடியொற்றி வந்த ஸ்டாண்டர்டு கெசலில் முழு அச்சே போட்டார்கள். ஆக, என்ஜினை மாற்றினால் பின் அச்சை மாற்ற வேண்டும். அச்சை மாற்றினால் சேஸை வெட்ட வேண்டும். கியர்ப் பெட்டிக்காக நடுத்தளத்தை அறுக்க வேண்டும். முடிவில் பானெட்டும் கதவும் மட்டும் ஹெரால்டாக இருக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் மூல விவரங்களோடு முரண்படும் மாற்றங்களைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. "யார் பார்க்கப்போகிறார்கள்" என்பவர்கள், விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் என்பதை நினைவில் கொள்ளட்டும். போனவனின் பெயரால் செய்யும் ஒரு வேலை, அவன் குடும்பத்தை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாமா?

மூன்றாவது பதில், நண்பனின் அண்ணன் மகன் சொன்னது: மின்சாரக் கார் ஆக்கிவிடுங்கள். தனிச் சேஸ் இருப்பதால் செய்ய முடிந்த வேலைதான். புகை இல்லை, கார்புரேட்டர் தொல்லை இல்லை. என்றாலும், பானெட்டைத் திறந்தால் ஒரு மூடிய பெட்டி இருக்கும். டயரின் மேல் உட்கார்வதற்குக் காரணமே இருக்காது. இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நான்காவது பதில் சுருக்கமானது. எதையும் தொடாதே, துணி போட்டு மூடிவை. உலகப் பழங்கார் அமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம்கூட, மீட்பைவிடப் பாதுகாப்புக்கே முதலிடம் தருகிறது. இருப்பதை இயன்றவரை விட்டுவை என்கிறது. அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் தொடாமல் ஓட்ட முடியாது என்பதுதான் உண்மை. இந்தக் காருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போகும். சீட் பெல்ட் கிடையாது. அதோடு, இது வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோலே இன்று இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றுபோனது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாயையும் பம்ப்பின் டயஃப்ரமையும் அரித்து இளக்கும். ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். மாற்றாமல் விட்டால் பெட்ரோல் கசிந்து, சூடான என்ஜின் மேல் சொட்டும் நாள் வரும்.

இங்கேதான் அந்தப் பென்சில் எழுத்து எனக்கு வழி சொன்னது. 2001 ஜூன்: "ஹெட் இறக்கி வால்வு சீட் கடினமானது போட்டேன். ஈயம் இனி வராது." 2009: "டியூபோடு ரேடியல்." அவன் தூய்மைவாதி அல்லன். சாலையும் பெட்ரோலும் கேட்டதை மாற்றினான். அவை கேட்காத எதையும் தொடவில்லை. கை படும் இடம், கண் படும் இடம், காதில் விழும் சத்தம் மூன்றும் அப்படியே இருந்தன.

அதே கோட்டைப் பிடித்துக்கொண்டேன். கழற்றினால் பழையதைத் திரும்ப மாட்ட முடிய வேண்டும், எங்கும் வெட்டக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. முன் சக்கரங்களுக்கு ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக். ஒரே குடும்பம் என்பதால் போல்ட்டை முடுக்கினால் அமர்ந்துவிடும். பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள். முன்னிருக்கைகளுக்கு பெல்ட். பின் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு கட்டை வைத்துக் காரைச் சிறிது தாழ்த்தினோம். சக்கரம் சற்றே உட்சாய்வாக நிற்பதால் வளைவில் மடங்கும் குணம் குறைகிறது. டயர் பழைய வேகன் ஆர் அளவு, 145/80 ஆர்13. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண், சேஸ் எண், எரிபொருள் எதையும் இவை தொடுவதில்லை. விண்டேஜ் பலகை வேண்டாம் என்று விட்டு, பழைய பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழியில் வைத்திருக்கிறோம். (உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். துக்கத்தில் யாருக்கும் நினைவு வராது. பக்கத்தில் இருக்கும் நண்பர்கள்தான் இதைச் செய்துகொடுக்க வேண்டும்.)

கழற்றிய டிரம்களையும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் எண்ணெய் தடவித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த வழிக்கும் குறை உண்டு, மறைக்கமாட்டேன். நீண்ட ஏற்றத்தில் லாரிகள் முந்திச் செல்கின்றன. ஏசி கிடையாது. போட்டிக்கு நிறுத்தினால் நடுவர்கள் டிஸ்க் பிரேக்குக்கு மதிப்பெண் குறைப்பார்கள். மெக்கானிக்கும் பெரியவரும் இருவருமே இதை அரைகுறை வேலை என்றார்கள்.

ஒரு தவறும் நடந்தது. முதலில் காரை விட்ட பட்டறையில் முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனில் கிரீஸ் அடித்துவிட்டார்கள். ஹெரால்டு வைத்திருக்கும் எவருக்கும் சொல்கிறேன்: அங்கே கிரீஸ் கூடாது, கெட்டியான 90 கியர் ஆயில்தான். கிரீஸ் புரிகளுக்குள் இறங்காது. உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும். ஒருநாள் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூடியின் உள்பக்கம் இரண்டு அடிக்கோடு போட்டு அவனே எழுதியிருந்தான். வார்னிஷ் அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும். அன்று மாலையே காரை வேறு பட்டறைக்கு இழுத்துச் சென்று, இரண்டு பக்கமும் கழற்றிக் கழுவி ஆயில் ஊற்றினோம்.

இன்னும் முடிவாகாதது பெயிண்ட். கூரையில் நிறம் உதிர்ந்து தகடு தெரிகிறது. அடுத்த மழைக்குள் மூடியாக வேண்டும். முழுக் காருக்கும் அடித்தால் பளபளக்கும், சைக்கிள் கோடு போய்விடும். கூரைக்கு மட்டும் அடித்தால் இரண்டு பச்சையாகத் தெரியும். அவன் மகளிடம் கேட்டேன். கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரண்டு பச்சையாகவே இருக்கட்டும் சித்தப்பா" என்றாள். புதன்கிழமை நிறம் கலக்க ஆள் வருகிறார்.