பல் பார்த்துப் பிரிப்பதா, ஒரே தடத்தில் விடுவதா: அனிமேஷன் விருதுகள்

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாட்டின் பல்லைப் பார்த்துத்தான் 200 மீட்டரா 300 மீட்டரா என்று பிரிப்பார்கள். இளங்காளையைப் பெரிய காளையோடு மோதவிட மாட்டார்கள். அனிமேஷன் படங்களுக்கு இப்படிப் பல் பார்க்கிற வேலையை, அமெரிக்காவில் அனிமேஷனுக்கென்றே தரப்படும் அன்னி விருது செய்கிறது, சிறிய படங்களுக்குத் தனிப்பிரிவு வைத்து. ஆஸ்கர் செய்வதில்லை, எல்லாமே ஒரே தடம். இதில் எது நியாயம் என்று எனக்கும் என் அக்கா மகளுக்கும் ஒரு வருஷமாக வழக்கு.

அவள் கோவையில் அனிமேஷன் படிக்கிறாள். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில்தான் வேலை. ராத்திரி ரெண்டர், அதாவது கணினியே காட்சிகளைப் படமாக்கி முடிக்கிற வேலை, அதைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். மடிக்கணினியின் காற்றாடிச் சத்தம் பக்கத்து வீட்டு விசைத்தறியோடு போட்டி போடும். லாட்வியாவில் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்த 'ஃப்ளோ' படமும் அதே பிளெண்டரில் செய்ததுதான். செலவு சுமார் 35 லட்சம் யூரோ. ஆஸ்கரில் அதை எதிர்த்து நின்ற, அமெரிக்காவின் பிக்சார் ஸ்டூடியோ எடுத்த 'இன்சைட் அவுட் 2' சுமார் 20 கோடி டாலர்.

2025-இன் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஆஸ்கர் 'ஃப்ளோ'வுக்கு. அன்னியின் முதன்மை விருது டிரீம்வொர்க்ஸின் 'தி வைல்ட் ரோபோ'வுக்கு; 'ஃப்ளோ'வுக்குத் தனிப்பிரிவுப் பரிசு. பிரிட்டனின் பாஃப்டாவோ தன் ஊர் ஆர்ட்மேன் நிறுவனத்தின் 'வாலஸ் அண்ட் குரோமிட்' பக்கம் சாய்ந்தது. ஒரே வருஷம், மூன்று நடுவர் குழு, மூன்று தீர்ப்பு. ஆனால் அன்னி திரைக்கதை விருதையும் 'ஃப்ளோ'வுக்கே தந்தது.

"ஏனுங் மாமா, படத்துல ஒருத்தரும் வாயே திறக்கலைங்க, எழுத்துக்கு விருதா?" என்று அவளே சிரித்தாள். பூனையும் நாயும், பெரிய எலி மாதிரி இருக்கும் கேப்பிபாராவும் ஒரு படகில் போகிற கதை. வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. தொழில் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தால்தான் அப்படி ஒரு பரிசு வரும். அன்னிக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண்.

அவள் கட்சி தனிப்பிரிவு. அதற்கு அவள் காட்டும் சாட்சி அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் ஸ்டூடியோ. நான்கு முழுநீளப் படம் ஆஸ்கர் பரிந்துரைக்குப் போய் நான்கும் வெறுங்கையோடு திரும்பின. 'வுல்ஃப்வாக்கர்ஸ்' 2021-இல் அன்னியின் தனிப்பிரிவில் ஜெயித்தது. ஆஸ்கரில் பிக்சாரின் 'சோல்' தூக்கிக்கொண்டு போனது. அமெரிக்காவின் லைகா (Laika) அனிமேஷன் நிறுவனத்துக்கும் ஐந்து பரிந்துரை, ஆஸ்கர் பூஜ்யம்.

சரி, கணக்கு அவள் பக்கம்தான். ஆனாலும் நான் ஒரே தடத்தின் ஆள். தனிப்பிரிவில் ஜெயித்தவனை 'சின்னவர்களில் பெரியவன்' என்றுதான் சொல்வார்கள். 'ஃப்ளோ' பெரிய மாடுகளோடு ஓடி ஜெயித்ததால்தான் அது லாட்வியாவின் முதல் ஆஸ்கர் ஆனது. அதற்கு முன் வாங்கிய கோல்டன் குளோப் சிலையையே தலைநகர் ரீகாவில் அருங்காட்சியகத்தில் வைத்து, ஜனம் வரிசையில் நின்று பார்த்தது.

என் கட்சியில் ஓட்டை இல்லாமல் இல்லை. ரேக்ளாவில் கடிகாரம் தீர்ப்பு சொல்லும், ஆஸ்கரில் ஓட்டு. இறுதிச் சுற்றில் ஆஸ்கர் அகாடமியின் எல்லாத் துறை உறுப்பினர்களும் போடலாம், படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2025 விழா வரை இல்லை. அப்படியென்றால் விளம்பரப் பலகை பெரிதாக இருக்கிறவனுக்கே ஓட்டு. 2026 விழாவிலிருந்துதான் ஒரு பிரிவின் எல்லாப் படத்தையும் பார்த்தவர் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம் என்று விதி வந்தது. சின்ன ஸ்டூடியோவுக்குத் தனிப்பிரிவைவிட இது பெரிய உதவி என்பது என் கணக்கு.

நம் தேசிய விருது வேறு ரகம். அனிமேஷன், காட்சி விளைவுகள், கேமிங், காமிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். 2022-க்கான விருது 'பிரம்மாஸ்திரா'வுக்கு, 2023-க்கு 'ஹனுமான்'. இரண்டிலும் நடிகர்கள் நடித்தார்கள். இங்கே பல்லும் பார்ப்பதில்லை, மாடா குதிரையா என்றும் பார்ப்பதில்லை. இதில் மட்டும் எங்கள் இருவருக்கும் வழக்கில்லை.

போன வாரம் தன் ஆறு நிமிஷப் படத்தை எந்த விழாவுக்கு அனுப்பலாம் என்று கேட்டாள். மாணவர் பிரிவு உள்ள விழா ஒன்றைத்தான் அவளே கடைசியில் தேர்ந்தெடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.