நளவெண்பா உரைப் பதிப்பு: பாட்டுக்கு முழுப் புள்ளி, கட்டுக்குப் பூச்சியம்

மாட்டு மருந்து வாங்க ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போன நாளில் இந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. நளன், தமயந்தி கதையை வெண்பாவில் சொல்லும் புகழேந்திப் புலவரின் நளவெண்பா, தெளிவுரையோடு. இந்தியாவில் அச்சிட்டது. அங்கத்தைய விலையின் மேல் ஒட்டியிருந்த துண்டில் 1,350 ரூபாய் என்று எழுதியிருந்தது. மூன்று சட்டித் தயிர்க் காசு. அப்பா வைத்திருந்த பழைய பிரதி 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது எங்களோடு மாத்தளன் வரைக்கும் வந்தது, அதற்கப்பால் வரவில்லை. அதனால் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டு சரியில்லை. இரண்டாம் நாளே சுயம்வர காண்டம் தனியாகக் கழன்று கையில் வந்தது. கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டியும் பார்த்தேன், நிற்கவில்லை. மற்றபடி எழுத்து பெரிது. மூலப் பாட்டுக்குக் கீழே சந்தி பிரித்தும் தந்திருக்கிறார்கள், கண்ணாடி போடாமலே வாசிக்கலாம்.

உரைகாரர் சுயம்வரத்தை நன்றாகவே சொல்கிறார். தமயந்தி முன்னால் ஐந்து நளன்கள். நான்கு பேர் வேஷம் போட்ட தேவர்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

கண்ணிமைத்த லாலடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால்

கண் இமைக்கிறது, கால் நிலத்தில் படுகிறது, கழுத்து மாலை வாடுகிறது. வாடாத மாலைக்காரர் நால்வரை விட்டுவிட்டு, வாடுகிறவனைத் தெரிந்தெடுக்கிறாள். அந்தத் தேவர்களுக்காக அவளிடம் முன்னமே தூது வந்தவனும் இதே நளன்தான். தான் விரும்பிய பெண்ணிடம் இன்னொருவருக்காகப் பேசப் போவது என்ன பாடு! வாக்குக் கொடுத்துவிட்டான், போனான். உரைகாரர் இந்த இடத்தை நான்கு வரியில் முடித்துவிட்டார், எனக்கு அது போதவில்லை.

உரையோடு எனக்குச் சண்டை வருவது கலிதொடர் காண்டத்தில். நளன் சூதாடியதும் அவனைக் கெடுக்க வந்த கலி புருஷனால், மனைவியைக் காட்டில் விட்டுப் போனதும் கலியால் என்கிறார். பாட்டை ஒழுங்காக வாசித்தால் அப்படி இல்லை. சூதில் நாட்டைத் தோற்ற பிறகு, பிள்ளைகளோடு தகப்பன் வீட்டுக்குப் போ என்று நளன் சொல்லியும் தமயந்தி கேட்கவில்லை, பிள்ளைகளை மட்டும் அனுப்பினாள். இரவில் இருவருக்கும் ஒரே துணி. பிரிந்து போகும் எண்ணம் நளனுக்குத்தான் முதலில் வருகிறது. அதை அறிந்துதான் கலி ‘வாளாய் மருங்கிருந்தான் வந்து’ என்கிறார் புலவர். எண்ணம் இவனுடையது, கலி கொடுத்தது வாளை மட்டும். அவள் தன்னோடு கிடந்து கஷ்டப்படக் கூடாது என்று நினைத்துத்தான் துணியை அறுக்கிறான் என்பேன் நான். அன்பால் எடுத்த பிழையான முடிவு. மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள், ‘கேட்காமல் விட்டுப் போனவன் போனவன்தான் அம்மா’ என்கிறாள்.

அறுத்த பிறகு அவனால் போகவும் முடியவில்லை.

போயொருகால் மீளும் புகுந்தொருகால் மீண்டேகும்

அவன் மனம் தயிர் கடைகிறவர்களின் கை மாதிரி ஆயிற்று என்று பாட்டு போகிறது. உரையில் ‘தயிர் கடைவோர் கைபோல’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நெய்க்காக வாரம் இரண்டு தரம் தயிர் கடைகிறவள் நான். மத்துக் கயிற்றில் ஒரு கை முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். இரண்டு கையும் ஒரே பக்கம் வராது. நடுவில் நிறுத்தினால் வெண்ணெய் திரளாது, தோள் கழன்றாலும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். சட்டிக்குள் இருக்கிறதுதான் கலங்கிப் பிரிகிறது. இதை உரைகாரர் ஒருநாளும் கடைந்து பார்த்ததில்லை போல.

கலிநீங்கு காண்டத்தில் ஆள் தேறிவிட்டார். நளனை வரவைக்க, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று தமயந்தி இரண்டாம் சுயம்வரச் செய்தி அனுப்புகிறாள். அயோத்தி அரசனிடம் தேரோட்டியாக இருந்த நளன் குதிரைகளை விடுகிற வேகத்தில், அரசனின் மேலாடை விழுந்தது, எடு என்று சொல்லி முடிக்குமுன் தேர் ‘நாலாறு காதம்’ போய்விடுகிறது. அந்த இடத்துக்கு உரை அழகு.

உறுதியாகக் கட்டுப் போட்ட பிரதி கிடைத்தால் அதை வாங்குங்கள். என்னுடையதை நெல்லுச் சாக்குத் தைக்கிற ஊசியால் தைக்கப்போகிறேன், நூல் ஊறப் போட்டிருக்கிறேன்.