ஒரே டெம்ப்ளேட், 14 கடை: சிஸ்டம்டியோடு மூன்று வருடம்

"அண்ணே, கடைக்கு ஒரு ப்ராசஸ்னு ஒரே சர்வர்ல எப்படி ஓட்டுறீங்க? நானும் அதே மாதிரி போட்டுக்கவா?" போன வாரம் குமுளியிலிருந்து தம்பி ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை.

நான் இருப்பது போடி. 14 ஏலக்காய்க் கடைகளின் எடைச் சீட்டைக் கணக்கில் ஏற்றும் சேவை ஒரு டெபியன் சர்வரில் ஓடுகிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி; சேவையை எப்படி ஓட்டுவது என்று அதற்குச் சொல்லும் யூனிட் கோப்பு ஒன்றே ஒன்று, பெயரில் @ போட்ட டெம்ப்ளேட். @-க்குப் பின்னால் கடைப் பெயர், அதே பெயரில் அமைப்புக் கோப்பு. புதுக் கடை வந்தால் ஒரு எனேபிள் (சர்வர் எழும்போது தானே தொடங்கச் சொல்வது), இரண்டு நிமிட வேலை. ஒரு கடையின் சேவை விழுந்தாலும் மற்ற 13 அசையாது. இந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டேன். (கடைப் பெயரில் '-' இருந்தால், யூனிட் கோப்பில் அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் %-க்குப் பின் ஆங்கிலச் சின்ன i போடுங்கள். பெரிய I அதை '/' ஆக்கிவிடும்.)

ஆனால் 'எந்தப் பெயரும்' என்று பொருள்படும் அந்த நட்சத்திரக் குறி! டேட்டாபேஸை மாற்ற ஒரு ராத்திரி 'சீட்டு@*' என்று ஸ்டாப் கொடுத்தேன், 14-ம் நின்றன. வேலை முடிந்து அதே குறியோடு ஸ்டார்ட் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, படுத்துவிட்டேன். காலையில் கடைக்காரர்கள் புத்தடி ஏலக்காய் ஏலத்துக்குக் கிளம்பும் நேரம், ஒருவர் வரவும் கணக்கில் இல்லை. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

மேன் பக்கத்தில் (சிஸ்டம்டியின் கையேட்டில்) எழுதித்தான் இருக்கிறது: நட்சத்திரம் நினைவகத்தில் இருக்கும் யூனிட்டுகளோடுதான் பொருந்தும், நிறுத்தியவை பெரும்பாலும் அங்கே இருக்காது. நியாயம்தான். டெம்ப்ளேட்டுக்கு எந்தப் பெயரும் வரலாம், எதையென்று அது எழுப்பும்? ஆனால் எனேபிள் செய்த 14 பெயரும் வட்டில் சிம்லிங்க்காக (கோப்பைச் சுட்டும் குறுக்குவழியாக) கிடக்கின்றனவே! "எதுவும் பொருந்தவில்லை" என்று ஒரு வரியாவது அன்று சொல்லியிருக்கக்கூடாதா? (புதிய பதிப்புகள் நட்சத்திரத்தோடு ஸ்டார்ட் கொடுத்தால் எச்சரிக்கின்றன.) மூன்று வருடமாகியும் அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது பல யூனிட்டுகளை ஒன்றாகக் கட்டும் ஒரு டார்கெட் வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட்டில் பார்ட்ஆஃப், வான்டட்பை இரண்டும் அதைச் சுட்டுகின்றன. பார்ட்ஆஃப் வரியால் டார்கெட்டை நிறுத்தினால் எல்லாம் நிற்கும், வான்டட்பை வரியால் அதைத் தொடங்கினால் எல்லாம் எழும். பழைய முறையில் எனேபிள் செய்தவற்றை ஒருமுறை ரீஎனேபிள் (எனேபிளை நீக்கி மறுபடி போடுவது) செய்ய வேண்டும்.

தம்பி, உங்களிடம் இருப்பது மூன்று கடை. மூன்று தனிக் கோப்பு எழுதிக்கொள்ளுங்கள். நான் இதை விட்டு வேறெதற்கும் போக மாட்டேன்.